மாமனாரின் இஞ்சினைக் குளிப்பாட்டியது

கல்லூரியில் பத்து வருடம் துருவைப் பற்றிப் பாடம் நடத்தியவன், ஒரு முழ நீளம்கூட இல்லாத பொம்மை ரயில் இஞ்சினில் எது துரு, எது பெயின்ட் என்று தெரியாமல் விழித்தேன் என்பதை வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். அவர் நீராவி இஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஜெர்மனி போய்வந்த உறவினர் கொடுத்த மின்சார இஞ்சின் ஒன்றை, தான் ஓட்டிய வண்டியின் சாயலுக்கு நாலு மாதம் உட்கார்ந்து மாற்றியிருந்தார். கருப்புப் பெயின்ட், வெள்ளை எண் எல்லாம் அவர் கைவேலை.

அவரோடு வருடக்கணக்காகக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து வருவதாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு இருவரும் சந்தித்ததே இல்லை. அவருக்கு இதை ஓட்டிக் காட்டவேண்டும் என்று மாமனார் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இஞ்சின் நின்றுபோயிற்று. “துருவோ என்னமோ புடிச்சிருக்குதுங்க மாப்ள. வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்.

வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றால், நாம் சும்மா இருக்கவேண்டும் என்று பொருள். எனக்கு அது எட்டவில்லை. இஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே செம்பழுப்பாக ஒரு வழிசல் கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், இரண்டு மணி நேரம். தேங்காய் எண்ணெய் தொட்டு மெருகும் ஏற்றினேன். இஞ்சின் மின்னியது. ஓடத்தான் இல்லை. ஏனென்று புரியாமல் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன்.

ஞாயிறு காலை திரும்பிய மாமனார் அதைக் கையில் எடுத்து, தொட்டிக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார். “இந்தத் துரு நான் வரைஞ்சதுங்க மாப்ள” என்றார். நிஜ வண்டியில் தொட்டி ஒழுகி அந்த இடத்தில்தான் துரு வழிந்திருந்ததாம். ஃபயர்மேனுக்குப் பார்த்ததும் அடையாளம் தெரியட்டுமென்று செங்கல் பொடியைப் பெயின்டில் குழைத்துப் போட்டதாம். பிறகு இஞ்சினைக் கவிழ்த்து, சக்கரத்துக்குப் பின்னால் மின்சாரம் வாங்கும் செம்புத் தகட்டில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைப் பென்சில் ரப்பரால் நாலு தேய் தேய்த்தார். ஓடியது. நான் மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். இல்லாத துருவை நீக்கியதற்கா, இருந்த களிம்பை விட்டதற்கா என்று பிடிபடாமல் மூடிக்கொண்டேன்.

ஃபயர்மேன் வந்தார். வட்டத் தண்டவாளத்தில் இஞ்சின் மூன்று சுற்று ஓடும்வரை குனிந்து பார்த்தார். “ஏனுங்க டிரைவரே, வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா நம்ம வண்டியில்லீங்களே.”

மாமனாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. “நம்முளுதுதானுங்க. மாப்பிள்ளை தண்ணி வாத்து உட்டுட்டாரு” என்ற குரல் மட்டும் கேட்டது.

ஃபயர்மேன் என்னைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார். காப்பி டம்ளரின் அடிமண்டியில் விரலைத் தொட்டு, தொட்டிக்குக் கீழே, சரியாக அதே இடத்தில் ஒரு கோடு இழுத்தார். “இப்பச் சரிங்க.” இருவரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். அத்தனை எண்ணெயின்மேல் காப்பி எப்படி ஒட்டியது என்பது இந்த வேதியியல்காரனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது, மாமனார் என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லாதது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கப்பாவுக்கு நிஜமாகவே கோபமில்லையா என்று மனைவியிடம் கேட்டேன்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றாள். “இஞ்சின் வெச்சிருக்கற அலமாரிக்கு ஒரு பூட்டு வேணுமாம். டவுன்ஹால் பக்கம் போனா உங்களையே வாங்கிட்டு வரச் சொன்னாருங்க.”