பெலிக்ஸ் டிரைவரின் வயிறு

உப்பு லாரி ஓட்டுகிற பெலிக்ஸுக்கு நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம் நடந்தது. அதுவரைக்கும் அவன் சாப்பிட்டானா இல்லையா என்று கேட்க ஆள் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் போவான். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே சாப்பாடு. காலைப் பசிக்கு டீ, மதியப் பசிக்குப் பீடி, சாயங்காலம் ஏதாவது ஒரு கடையில் ஆறிப்போன பரோட்டா. படுத்தால் தொண்டை வரைக்கும் புளித்துக்கொண்டு வரும். நெஞ்சு எரிந்தால் சட்டைப்பையில் வெள்ளை மாத்திரை இருந்தது. நூருல்லா பாயின் மளிகைக் கடையில் அது அட்டை அட்டையாகத் தொங்கும். வாயில் போட்டு மென்றால் புதினா வாசனையோடு சுண்ணாம்பு மாதிரி கரையும். சற்று நேரத்தில் எரிச்சல் அடங்கும். அப்படியே வருஷங்கள் போயின.

எண்பத்தெட்டில், ஈஸ்டர் கழிந்த பிறகு, பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டான். அவளுக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை அவர் கண்மூடும் வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொண்டதில் அவளுடைய கல்யாண வயது கழிந்துவிட்டது. கடற்கரைக் குப்பத்துப் பெண். கைக்கு மீனும் மிளகாயும் பழகியிருந்தன.

முதல் ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு வைத்தாள். அம்மியில் அரைத்த மிளகாய் குழம்பின் மேலே சிவப்பாக மிதந்தது. பெலிக்ஸ் முதல் வாய் வைத்ததுமே காதெல்லாம் சூடானது. பிரிசில்லா எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க இருக்குது?"

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் வண்டி டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனான். லாரிக்குப் பின்னால் நின்று இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து மென்றான். அதன் பிறகு அவள் குழம்பு வைத்த நாளெல்லாம் அவனுக்கு டயர் பார்க்கிற வேலை வந்தது.

ஒரு நாள் கால் கிலோ தனியா வாங்கப் போன பிரிசில்லாவிடம் பாய்தான் கேட்டார். "ஏம்மா, பெலிக்ஸுக்கு வயிறு எப்படி இருக்குது? முன்னல்லாம் எப்பவாச்சும் வாங்குவான். இப்ப தெனம் வந்து நிக்கிறான். டாக்டராண்ட காட்டச் சொல்லும்மா. நான் சொன்னா, 'கேஸ்தான் பாய்'னு சிரிச்சிட்டுப் போறான்."

அவள் தனியா வாங்காமலே திரும்பி வந்தாள். பெலிக்ஸ் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, என் கொழம்பு உங்களுக்கு ஒத்துக்கலையா?"

"யாரு சொன்னா?"

"பாய் சொன்னாரு. எனக்குத் தெரியாம மாத்திரை முழுங்குற அளவுக்கு அவ்ளோ மோசமாவா சமைக்கிறேன்?"

பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "மோசம்னு இல்ல பிரிசில்லா. எனக்குன்னு ஒருத்தி ஒக்காந்து சமைச்சுப் போட்டது இதான் மொதல் தடவ. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் மிளகாய் பாதியாகக் குறைந்தது. தூக்குவாளியில் மோர்ச்சோறு கட்டிக் கொடுத்தாள். டீயைக் குறைக்கச் சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு மட்டும் அவன் பிடி கொடுக்கவில்லை. "அதான் கொறஞ்சிடுச்சே" என்றான். குறைந்துதான் இருந்தது. பையிலிருந்த அட்டை தீராமல் கிடந்தது.

ஆனால் அதே பையில் இன்னொரு மாத்திரையும் இருந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மழைக்கு முன்னால் உப்பை எல்லாம் வெளியேற்றிவிட வேண்டும் என்று லோடுக்கு மேல் லோடு அடித்த மாதங்கள் அவை. இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. விடிகாலை வண்டி எடுப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றில், ஒரு வலி மாத்திரையை டீயோடு விழுங்குவான். வலி விட்டுப்போகும். சாயங்காலம் இன்னொன்று.

ஒரு காலையில் வெளியே போனது கறுப்பாக இருந்தது. நேற்று நாவல் பழம் தின்றோமே என்று நினைத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கேபினிலிருந்து இறங்கியவன், வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த உப்பு கண்ணுக்கு இருட்டிக்கொண்டு வர, டயரோரமாக உட்கார்ந்துவிட்டான். சட்டை வேர்வையில் நனைந்து, கை கால் சில்லிட்டிருந்தது. மேஸ்திரி அர்ச்சுனன் ஓடி வந்து தண்ணீர் தெளித்து, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒரு ஆளைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"வெயில்மா, பித்தம் தலைக்கேறிடுச்சு. எலுமிச்ச தண்ணி குடுங்க" என்றான் அர்ச்சுனன்.

பிரிசில்லா பெலிக்ஸின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. அர்ச்சுனனை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு பெலிக்ஸின் காதருகே குனிந்தாள்.

"வெளிய எப்படிப் போவுது?"

பெலிக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவள் எதிரில் சத்தமாக ஏப்பம் விடக்கூட அவன் கூச்சப்பட்டவன்.

"எங்கப்பாவுக்கு எல்லாம் எடுத்துப் போட்டவ நான். எங்கிட்ட என்னா வெக்கம்? சொல்லுங்க, என்னா கலரு?"

"கறுப்பா... தாரு மாதிரி."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா. நாவப்பழம்னு நெனச்சேன்."

அப்பாவின் கடைசி மாதத்திலும் அப்படித்தான் போயிருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று அப்போது டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. வாசலுக்கு வந்து, "அண்ணே, எலுமிச்ச தண்ணியெல்லாம் வேணாம். ஓனராண்ட ஜீப்பு கேளுங்க. பாண்டிச்சேரிக்குப் போவணும், இப்பவே" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, குடல் வாயில் புண் இருக்கிறது, அதிலிருந்துதான் கசிகிறது என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. கட்டிலோரம் நின்று, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டாள். பெலிக்ஸ் சட்டைப்பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினான். டாக்டரம்மா வெள்ளை மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைத் தூக்கிக் காட்டினாள்.

"புண்ணு இருக்கிற வயித்துல இதை வெறும் வயித்தோட போட்டா ரத்தம் வராம என்னங்க பண்ணும்? அந்த வெள்ளை மாத்திரை என்னிக்காவது நெஞ்செரிச்சல்னா போட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா தெனமும் தேவைப்படுதுன்னா உள்ள ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். அப்ப கடைக்குப் போகக்கூடாது, எங்ககிட்ட வரணும். இடுப்பு வலிக்கும் எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் மாத்திரை."

அன்று சாயங்காலம் வார்டில் சந்தடி குறைந்த பிறகு பெலிக்ஸ் கண்ணைத் திறந்தான். பிரிசில்லா கட்டில் கம்பியில் தலை சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவப் பாத்தே உன் வயசு போச்சு. இப்ப நானும் உன்ன ஆஸ்பத்திரில ஒக்கார வெச்சிட்டேன்" என்றான்.

"அப்பா பொழைக்கல. நீங்க பொழைச்சுக்குவீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றாள் பிரிசில்லா. அவன் ஊசி குத்தாத கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பதை இருவருமே கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நூருல்லா பாய் மாதுளம்பழத்தோடு பார்க்க வந்தார். "நானே அட்டை அட்டையா கிழிச்சுக் குடுத்துட்டு இருந்தேனேப்பா" என்று வருத்தப்பட்டார். "நீங்கதான பாய் இவகிட்ட சொன்னீங்க" என்றான் பெலிக்ஸ். அதற்கப்புறம் பாய் அடிக்கடி மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

புண் ஆற மாதங்கள் ஆயின. டாக்டர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டான். பீடியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு முறை விட்டுத் தொட்டு, மூன்றாவது முறைதான் விட்டான். படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறாமல் இருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு பிரிசில்லா செங்கல் கொடுத்து உயர்த்தினாள். இருட்டுவதற்கு முன்னாலேயே சாப்பாடு போட்டுவிடுவாள். சாப்பிட்டதும் படுக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் இருவரும் உப்பளத்து வரப்பில் நடக்கப் போனார்கள். தெருவில் கேலி செய்தார்கள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் பேசத் தெரியாமல் இருந்த இரண்டு பேருக்கும் அந்த நடையில்தான் பேச்சு வந்தது.

"திண்டிவனத்துக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல" என்றாள் ஒரு நாள்.

"மழ முடிஞ்சி மொத லோடு எடுக்கறப்ப வர்றியா?"

"லாரிலயா? ஜனங்க என்னா சொல்லும்?"

"என்னா சொல்லும்? டிரைவர் பொண்டாட்டிய ஏத்திக்கினு போறான்னு சொல்லும்."

புது உப்பு வந்ததும் அவள் கேபினில் ஏறி உட்கார்ந்தாள். திண்டிவனம் தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும், சாலையோரப் புளியமரத்தடியில், பெலிக்ஸ் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தினான்.

"எறங்கு. சாப்பாட்டு நேரமாச்சு" என்றான்.