வெள்ளிக் கண்மடலில் விழுந்த புள்ளிகள்

நீங்க நம்பமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். உங்கட இடத்தில இருந்தா நானும் நம்பமாட்டன். கணக்கு டீச்சர் நான். பிள்ளையளிட்ட "எங்க, நிறுவிக் காட்டு" எண்டு கேட்டுக் கேட்டே தேய்ஞ்ச வாய் இது. சாமி, பேய் எண்டு ஆராவது கதையைத் தொடங்கினா நான் தேத்தண்ணி போட எழும்பிப் போயிருவன். புருசன்ட தாய், அதுதான் என்ட மாமி, அவவுக்கும் எனக்கும் வவுணதீவு வீட்டில சண்டை வாறதே இதாலதான்.

எனக்குச் சின்ன வயசிலேயே சோடாப்போத்தல் கண்ணாடி. போன தை மாசம் கண்ணாடி மாத்தப் போன இடத்தில டொக்டர் மருந்து விட்டு உள்ளுக்குப் பாத்திட்டு, இடது கண்ணில விழித்திரை மெலிஞ்சு ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கு, இப்பவே சுத்திவர லேசர் அடிச்சு ஒட்டிவிட்டாப் பயமில்ல, விட்டா ஒருநாள் திரை கழண்டிரும் எண்டார். என்ட அப்பாக்கு அப்பிடித்தான் ஒரு கண் போனது. சண்டைக் காலம், கொழும்புக்குப் போகப் பாதை இல்ல. அதால நான் மறுபேச்சில்லாம அந்த மெஷின்ல நாடியை வச்சிட்டன். பச்சை வெளிச்சம் பளிச்செண்டு அடிக்கும், உள்ளுக்குச் சுள்ளெண்டும், அவ்வளவுதான். வலது கண் நல்லா இருக்கு, ஆறு மாசத்தால வாங்க எண்டார். வலையிறவுப் பாலத்தால திரும்பி வரக்குள்ள வாவித் தண்ணி ஒரே வெள்ளையா எரிஞ்சுது, கண்ணை மூடிக்கொண்டு மோட்டார்சைக்கிள்ல புருசன்ட முதுகில சாய்ஞ்சு வந்தன்.

அண்டைக்கே மாமி அம்மாளுக்கு நேர்ந்திட்டா. எங்கட கண்ணகை அம்மன் கோயில் கதவு வருசத்தில ஒருக்கா, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும், அதுவரைக்கும் நேர்த்திப் பொருள் வீட்டில காத்திருக்கோணும். மாமி ஒரு சோடி கண்மடல் வாங்கி வந்தா, வெள்ளித் தகட்டைக் கண் வடிவா வெட்டினது. என்ட கண்ணில ஒத்தி எடுத்து, இடது கண்ணுக்குரியதில நூல் கட்டி, மஞ்சள் துணியில சுத்தி அலுமாரியில வச்சுப் பூட்டினா. திறப்புக் கொத்து அவட இடுப்பில. பூட்ட முதல் நான் தடவிப் பாத்தனான், ரெண்டும் வழுவழுப்பு. இதை மறந்திராதீங்க.

கோயில் கதவு திறக்கிற அண்டு காலமை மாமி துணியை அவிழ்த்தா. நூல் கட்டாத தகட்டில, அதாவது வலது கண்ணில, மேல் ஓரமா குட்டிக் குட்டிப் புள்ளி, வட்டமா. ஊசி குத்தினா மற்றப் பக்கம் துளைச்சிருக்கும்தானே, பிரட்டிப் பாத்தன், துளையில்ல. எனக்குச் சிரிப்பு வந்திட்டு.

"மாமி, உங்கட அம்மாளுக்கு இடது எது வலது எது எண்டு தெரியாது போல."

மாமி சிரிக்கல்ல. "அடைச்ச ஓட்டையை அவ ஏன் புள்ள காட்டோணும்? நீ இண்டைக்கே டொக்டரிட்டப் போ."

"தட்டாரிட கைப்பிழைக்கு நான் டொக்டரிட்டப் போறதா?"

"போய்க் காட்டு. ஒண்டுமில்லாட்டி இனி உன்னட்டச் சாமிக் கதையே எடுக்கமாட்டன்."

இதைவிட நல்ல பேரம் எனக்குக் கிடைக்குமா? வெல்லத்தான் போனன் நான், கண்ணைக் காட்டப் போகல்ல.

டொக்டர் வலது கண்ணை நெடுநேரம் பாத்தார். மின்னல் மாதிரி ஏதும் தெரிஞ்சதா, பூச்சி பறக்கிற மாதிரி இருந்ததா எண்டு கேட்டார். ஒண்டுமில்ல எண்டன். "அப்ப என்னண்டு இண்டைக்கு வந்தீங்க?" எண்டார். நான் என்னத்தைச் சொல்ல? சும்மா வந்தன் எண்டன். வலது கண்ணில மேல் ஓரமாப் புதுசா ஒரு கிழிசல். ஆறு மாசம் முடியட்டும் எண்டு இருந்திருந்தா என்ன நடந்திருக்குமோ, நல்ல நேரம் வந்தீங்க எண்டு சொல்லி அப்பவே லேசர் அடிச்சார். அப்பதான் அப்பாட முகம் கண்ணுக்குள்ள வந்து நிண்டுது.

முடிஞ்சாப்போல உள்ளுக்கு எடுத்த படத்தைத் திரையில காட்டினார். கிழிசலைச் சுத்தி லேசர் சுட்ட தடம், குட்டிக் குட்டிப் புள்ளி, வட்டமா. மாமி குடுத்துவிட்ட தகட்டை என்ட புருசன் சேட்டுப் பையால மெல்ல எடுத்துப் பாத்தார், திரையைப் பாத்தார், மறுகா பைக்குள்ள வச்சிட்டார். வீடு வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு சொல் கதைக்கல்ல.

மாமிதான் கதைச்சா, ஊர் முழுக்க. பாரம் தூக்கப்படாது, தலை இடிபடப்படாது எண்டு டொக்டர் சொன்னதை அவ சட்டமாக்கிட்டா, ஒரு குடம் தண்ணி தூக்க விடல்ல. சடங்கு முடியிற குளிர்த்தி அண்டு கறுப்புக் கண்ணாடியோட என்னைக் கூட்டிப்போய், ரெண்டு முழங்கையாலயும் சனத்தை விலத்தி, "மருமகள்ட கண், இடியாதீங்க" எண்டு வழி எடுத்தா பாருங்க, அமைச்சர் வந்தாலும் அப்பிடி ஒரு வழி கிடைச்சிராது. புதுச் சோடி கண்மடலை என்ட கையாலயே குடுத்தன். எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்திலதான். பிறகு வகுப்புக்குப் போன முதல் நாளே பின் வாங்கில இருந்த பெடியன் மேசைக்குக் கீழ ஒளிச்ச போனைப் பிடிச்சன். டீச்சர்ட கண் முந்தியைவிட மோசம் எண்டு பிள்ளையள் முறைப்பாடு. அந்த முறைப்பாட்டைக் கேக்க எனக்கு எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமா.

இனித்தான் எனக்கு விளங்காத இடம். பழைய சோடியை நாங்க கோயிலுக்குக் குடுக்கல்ல, பழுது எண்டு அலுமாரியிலேயே வச்சிட்டம். சடங்கு முடிஞ்சு எடுத்துப் பாத்தா புள்ளி இல்ல. ரெண்டும் வழுவழுப்பு. தட்டாரிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். தட்டி நேராக்கினா அடையாளம் நிக்கும் டீச்சர், இதில சுத்தியலே படல்ல எண்டார்.

இப்பவும் டொக்டரிட்டப் போற அண்டு காலமை, மாமி பாக்காத நேரம் அந்தத் துணியை அவிழ்த்துத் தடவிப் பாத்திட்டுத்தான் போறன். இதுவரைக்கும் தகடும் டொக்டரும் ஒரே விடைதான் சொல்லியிருக்கு, ஒண்டுமில்ல எண்டு. ஒருநாளைக்கு டொக்டர் ஒண்டுமில்ல எண்டு சொல்லி, தகட்டில புள்ளி இருந்தா நான் ஆரை நம்புவன்? கணக்கு டீச்சர்தானே, விடை தெரியோணும். எனக்குத் தெரியும். அதுதான் பயமா இருக்கு.