தீப்பிடிக்காத ஃபோமும் குன்றத்தூர் விராலும்

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு மேற்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். காரணம் என் மகள் கவிதா. ஏழு மாதம் முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். விரால் குழம்பு என்றால் அவளுக்கு உயிர். மூன்று வாரம் நான் கொண்டுவந்த விராலை ஒரு கை பார்த்தவள், நான்காவது வாரம் தட்டைத் தள்ளிவிட்டாள்.

தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறவள். "அப்பா, டிவி, கம்ப்யூட்டர், சோபா ஃபோம் எல்லாம் சட்டுனு தீப்பிடிக்கக் கூடாதுன்னு கெமிக்கல் கலப்பாங்க. குப்பையில கிடந்து மழையில கரைஞ்சு ஏரிக்கு வரும். மீனோட கொழுப்புல போய் உட்கார்ந்துக்கும். நான் சாப்பிட்டா உள்ள இருக்கறதுக்கும் போகும். எந்தத் தண்ணி மீன்னு தெரியாம இனிமே கொண்டு வராதீங்க" என்றாள்.

முப்பத்தெட்டு ஏரி மீன் தின்ற நாக்கு என்னுடையது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இது மாடம்பாக்கம், இது செம்பரம்பாக்கம் என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படியை மிதித்ததில்லைதான். ஆனால் என் சைக்கிள் கடை இருபது வருடம் ஒரு காலேஜுக்கு எதிரில் இருந்தது. கெமிஸ்ட்ரி எல்லாம் காற்றிலேயே வந்துவிட்டது. சுத்தமான மீனைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று சபதம் போட்டேன்.

கையில் வழக்கமான என் மீன் பை. உள்ளே என் கண்டுபிடிப்பு: ஒரு பழைய சோபாவிலிருந்து அறுத்தெடுத்த ஃபோம் துண்டு. விரால் தண்ணீருக்கு வெளியே கொஞ்ச நேரம் தாங்கும் மீன். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவது ஊர் வழக்கம். நான் ஃபோமை நனைத்து அதற்கு மெத்தை போடுவேன். ஒரு தடவை திருப்பதி வரைக்கும் உயிரோடு வந்து, இறங்கும்போது வாலை ஆட்டியது. எங்கள் காலனியில் பதினோரு வீடுகள் என்னிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, ஆளுக்கொரு துண்டும் வாங்கிப் போயிருக்கின்றன.

ஒன்பது கிலோமீட்டரில் அனகாபுத்தூர். ஆறு இருபத்தைந்து. டீ பதினைந்து ரூபாய். சர்க்கரை கம்மி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலத்தருகே நின்று அடையாற்றைப் பார்த்தேன். நாணலுக்குள் ஒரு பழைய டிவியின் வெற்று ஓடு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு மீன்கொத்தி. ஓட்டின் நிழலில் குஞ்சு மீன்கள் கூட்டமாக மேய்ந்தன. வெயிலுக்கு நல்ல கூரை என்று அவை நினைத்திருக்கும். கால் மணி நேரம் நகரவே இல்லை நான். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று என் கண்ணால் சொல்ல முடியவில்லை. நாக்காலும் முடியாது என்று அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் குன்றத்தூர். ஏழே கால். மலைக்கோயில் தெரிகிற தூரத்தில், சாலையோரம் ஓர் அம்மா தொட்டியில் உயிர் விரால் வைத்திருந்தார். குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

"இன்னா சார், மீன மோந்து பாத்துகினு கீற? பூவா விக்கிறேன் நானு?"

"எந்தத் தண்ணி மீன்மா இது?"

"எங்க அண்ணன் கெயினிக்குப் பக்கத்துல குட்ட வெட்டி வளக்குது. கெயினிக் கெணத்துத் தண்ணிதான். ஏன், நீ இன்னா ஆபீசரா?"

தாம்பரத்திலிருந்து எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தீ புடிக்காத மீனா? அப்பால கொழம்பு எப்டி சார் வேவும்?"

விடுவேனா? டிவி ஓடு, கம்ப்யூட்டர், சோபா, மழை, ஏரி, கொழுப்பு என்று அரை மணி நேர வகுப்பு எடுத்தேன். ஆர்வமாகக் கேட்டார். பிறகு ஒரு கிலோ நிறுத்தார், ஐந்நூற்றைம்பது ரூபாய். நான் பையைத் திறந்தேன்.

"அது இன்னாது?"

"ஃபோம்மா. சாதாரண ஃபோம் இல்ல. கப்பல்ல வந்த சோபா. கடைக்காரன் தீக்குச்சி கொளுத்தி வச்சுக் காட்டினான், பத்திக்கவே..."

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அந்த அம்மா மீனைப் பிடித்த கையை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், அரமணியா ஊர்ல கீற சோபாவ எல்லாம் சொன்னியே. உன் பைல கீறது மட்டும் இன்னா, அல்வாவா?"

மூன்று வாரம். மூன்று விரால். பிழிந்து பிழிந்து நனைத்த அதே ஃபோம். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் அலுமினியத் தேக்சாவில் குட்டைத் தண்ணீர் ஊற்றி மீனை விட்டு, மூடிபோட்டுக் கட்டிக் கொடுத்தார். "அடுத்த வாரம் தேக்சா வர்ல, தாம்பரத்துக்கே வந்து கத்துவேன். அந்த மெத்தய இங்க எங்கியும் போட்டுட்டுப் போவாத."

திரும்பும் பாதை திருமுடிவாக்கம் வழியாகப் பதினான்கு கிலோமீட்டர். ஐம்பது நிமிடம். வழியெல்லாம் ஒரு கதை தயாரித்தேன்: பை கிழிந்துவிட்டது, ஓர் ஆட்டோக்காரர் தேக்சா தந்தார். நல்ல கதைதான். கவிதா கதவைத் திறந்து தேக்சாவைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் தேக்சாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு போயிருக்கும் கண்ணு?"

"தெரியலப்பா. கொஞ்ச நேரம் பட்டதுல ரொம்பப் போயிருக்காதுன்னு நினைக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்." பிறகு, "இது எந்தத் தண்ணி?" என்றாள். சொன்னேன். "தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்துடுங்க" என்றாள்.

இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

போகிறவர்களுக்கு: மொத்தம் இருபத்தொன்பது கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க்குள். எட்டு மணிக்கு மேல் போனால் உயிர் விரால் கிடைக்காது. மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள். மஞ்சள் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினாலும் இந்த மருந்து போகாது. எந்தத் தண்ணீர் என்று கேட்பது ஒன்றே வழி.

ஃபோமை இரண்டு கவரில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். குப்பையில் போட்டால் எங்கே போகும் என்று இப்போது தெரியுமே. காலனியில் வீடு வீடாகப் போய் என் கண்டுபிடிப்பைத் திரும்பக் கேட்டு வாங்குகிறேன். ஏழு துண்டு வந்துவிட்டது. மீதி நாலு வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.