மஞ்சள் பொத்தான்

"நாவலில் வரும் சிறுமியின் கைக்குள் இருக்கும் மஞ்சள் பொத்தான் எதன் குறியீடு? விளக்குக." எங்கள் பேராசிரியர் அந்தப் பொத்தானுக்கு மட்டும் ஒரு வாரம் பாடம் எடுத்திருந்தார். 'குழந்தைப் பருவத்தின் களங்கமின்மை' என்று இரண்டு பக்கம் எழுதி, முழு மதிப்பெண் வாங்கிவந்தேன். விடைத்தாளைப் படித்த அத்தை சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

அந்த நாவலுக்கு அச்சுக் கோத்தவளே அத்தைதான். முப்பது வருடம் அச்சகத்தில் நின்றே வேலை பார்த்தவள். பொய் சொல்லத் தெரியாது, வாயை மூடவும் தெரியாது.

"எல்லாப் பக்கமும் கோத்து முடிச்சாச்சு. அப்புறம் வந்து அந்த எழுத்தாளர் நடுவுல ஒரு வரி வேண்டாம்னு அடிச்சுட்டாரு. அந்த ஒரு வரி ஓட்டைக்காக பின்னால இருக்கிற அம்பது பக்கத்தையும் பிரிச்சுக் கோக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பொத்தான் தெறிச்சு விழுந்துச்சு. 'அவள் கைக்குள் ஒரு மஞ்சள் பொத்தான் இருந்தது'ன்னு கோத்து அடைச்சுட்டேன்."

"அவர் கண்டுபிடிக்கலையா அத்தை?"

"எங்க! 'இந்த வரியை எழுதுறப்போ நான் அழுதுட்டேன்'னு முதலாளிகிட்ட சொன்னாரு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்து இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மூச்சு திரும்பியதும் அத்தை ஊசிப்பெட்டியைத் துழாவி, ஓரம் உடைந்த மஞ்சள் பொத்தான் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, களங்கமின்மை. தொலைச்சுடாதே, ஜோடி கிடைக்காது."