அத்தை கொடுத்தனுப்பிய தாள்

அத்தையின் நோயைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அப்பாவுக்கு உடனே வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். அத்தைக்கு மார்பில் வந்த புற்றுநோய், மதுரையில் சிகிச்சை முடிந்த பிறகும் எலும்புக்குப் பரவியிருந்தது. அவளே வாயைத் திறந்தாலும், "சும்மா இருக்க மாட்டீகளா அக்கா, எல்லாம் சரியாப் போயிரும்" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். அதனால் சனிக்கிழமைதோறும் செக்காலையில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்கு, வலி மருந்து வாங்க அவளோடு ஆட்டோவில் போவது என் பொறுப்பாயிற்று. எனக்குப் பன்னிரண்டு வயது. டியூஷனிலிருந்து தப்பித்த சந்தோஷம்.

அத்தை மானகிரி அங்கன்வாடியில் டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்து என்னை வளர்த்தவள்.

ஒரு சனிக்கிழமை டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். இனி மருந்தால் நோய் குறையாது என்று சொல்லி, கடைசி நாட்களில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அத்தையிடமே கேட்டார். என்னை வெளியே அனுப்பலாமா என்றதற்கு, "இருக்கட்டும், அவளுக்கும் தெரியட்டும்" என்றாள் அத்தை. பிறகு அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சாமான் கேட்டு எழுதுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். வீட்டில்தான் இருக்க வேண்டும். தொண்டையில் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம். மறுபடி மதுரை வேண்டவே வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். டாக்டரம்மா அதை ஒரு தாளில் எழுதி, அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டி வரச் சொன்னார்.

ஆட்டோவில் அத்தை அந்தத் தாளை என்னிடம் தந்தாள். "நான் சொன்னா உங்கப்பன் கேக்க மாட்டான். நீ குடுத்தா படிப்பான்."

அப்பா அதைப் படித்தால் அத்தையைச் சாக விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கழிப்பறையில் அதைக் கிழித்துப் போட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் அத்தை கேட்டாள், "குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

இரண்டாவது பதிலில் பொய் இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை பிறகு அதைக் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் டாக்டரம்மா தம்பி வரவில்லையா என்று விசாரித்தபோது, "அவனுக்கு இஷ்டமில்ல, விட்டுருங்க" என்று மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஒரு மாதத்துக்குள் அவளுக்கு மூச்சுத் திணறியது. அப்பா கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். தொண்டையில் குழாயோடு, பேச முடியாமல், பதினோரு நாள் கிடந்து அங்கேயே போய்ச்சேர்ந்தாள்.

ஒவ்வொரு திதிக்கும் அப்பா சொல்வார், "வீட்டுலயே இருக்கேன்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டுபோயிருக்கவே மாட்டேன்." நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்பது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் காரணம். என் மகளுக்கு இப்போது அதே வயது. இன்னும் சொல்லவில்லை.

மதுரைக்குப் புறப்பட்ட அன்று, அப்பா கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையை விலக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை முடியாதபோதும் அத்தைக்கு எவ்வளவு தைரியம் என்று வாசலில் நின்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.