மறதி அறைக்காரரின் அபிப்பிராயங்கள்

‘விருந்தினர் விட்டுச்சென்ற உடைமைகள் பிரிவு, உதவியாளர், இரண்டாம் நிலை: மேற்படி ஊழியர் அறைகளில் கண்டெடுக்கப்படும் பொருள்களைப் பெற்று, எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, தொண்ணூறு நாள் பத்திரப்படுத்துவார். உரியவர் கேட்டால் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டிப் பொருளை ஒப்படைப்பார். தொண்ணூறு நாளில் யாரும் கேட்காத பொருளைத் தக்கபடி தீர்த்துவைப்பார். இப்பணிக்குத் தனிப்பட்ட ரசனையோ முன்முயற்சியோ தேவையில்லை.’

ஹோட்டலின் ஊழியர் கையேட்டில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் நல்ல மனிதராகவே இருக்க வேண்டும். மறதியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மறதி என்பது பட்டப்பெயர். கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. ஊரார் மறந்துவிட்டுப் போனதெல்லாம் அங்கே வந்து சேர்வதால் அது மறதி அறை. அதில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர் மறதி அண்ணன். எந்த ஆண்டு எந்த அறையில் யார் ஒற்றைச் செருப்பை விட்டுப் போனார் என்பதை, இடது காலா வலது காலா என்பதோடு சேர்த்துச் சொல்லக்கூடிய மனிதருக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று விசாரித்தால், வைத்தவர்களுக்கு நினைவில்லை.

ரிசார்ட் கலெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் வெயிலைத் தேடிக் கடலோரம் போகிறவர்களுக்காகப் பெரிய டிசைனர்கள் ஆண்டுக்கொரு முறை வெளியிடும் உல்லாச உடைகள். அவற்றைப் பற்றி உலகத்தில் பலர் மேடைக்கு முன்வரிசையில் அமர்ந்து அபிப்பிராயம் சொல்கிறார்கள். மறதி அலமாரிக்குப் பின்வரிசையில் அமர்ந்து சொன்னார். விருந்தினர்கள் விட்டுப்போன ஃபேஷன் பத்திரிகைகள் தொண்ணூறு நாள் கழிந்ததும் அவருக்குச் சொந்தம்; விட்டுப்போன உடைகள் கண்ணெதிரே தொங்கின. பத்திரிகை சொன்னதையும் அலமாரி சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அவரைத் தவிர வேறு எந்த விமர்சகருக்கும் கிடைத்ததில்லை. அவரோ கழுத்துவரை பொத்தான் போட்ட பழுப்புச் சீருடையைத் தவிர வேறொன்றும் உடுத்தியதில்லை. விடுமுறை நாளிலும் அதுதான். பெயர் அட்டையை மட்டும் கழற்றிவிடுவார்.

“பல் தேய்க்கிற பிரஷை மறப்பாங்க. கண்ணாடியை மறப்பாங்க. கவுனை எவரும் மறக்க மாட்டாங்க, விட்டுட்டுப் போவாங்க. ரெண்டும் வேற” என்பது அவருடைய முதல் கோட்பாடு. ஒரு டிசைனரின் தரத்தை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்து அளக்கக் கூடாது, எத்தனை பேர் திரும்பப் பெட்டியில் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாக்கெட் பற்றியது. “வருஷத்துக்கு நானூறு அறைச் சாவி என் மேசைக்கு வருது. ஏன் வருது? அந்தக் கவுன்ல பாக்கெட் இல்லை. சாவியைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரம் உல்லாசமா இருக்க முடியும்?”

மூன்றாவது, உடைகளின் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் தாக்கங்கள். இந்த ஆண்டு பவளப்பாறை, போன ஆண்டு துறவிகளின் மௌனம், அதற்கு முந்தின ஆண்டு யாரோ ஓர் அத்தையின் தோட்டம். “இவங்க வருஷா வருஷம் கடலைப் புதுசா கண்டுபிடிக்கிறாங்க. போன வருஷம் அது அங்க இல்லாத மாதிரி. உடனே கோடு போட்ட பனியன். நிஜமா கப்பல் ஏறி வாந்தி எடுத்தவன் எவனாவது கோடு போட்ட பனியன் போடுறானா?”

இதையெல்லாம் கேட்கக் கிடைத்தவர் அவருடைய மனைவி. சலவைக்கூடத்தில் வேலை. அவருக்குத் துணி பற்றி அபிப்பிராயம் கிடையாது, கறைதான் உண்டு.

“உங்க ஆராய்ச்சி இருக்கட்டும்” என்பார் மனைவி. “சிவப்பு ஒயின் கொட்டின வெள்ளை லினன் பேன்ட் நாலு வந்திருக்கு. அது எந்த தேசத்துத் தாக்கம்னு சொல்லிட்டுப் போங்க.”

இப்படி மனைவியோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு விருந்தினர் தாம் மறந்துவிட்ட உடையைக் கேட்டு வந்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு. முதுகில் பதினான்கு பொத்தான். தனியாகக் கழிப்பறைக்குப் போகக்கூடியவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வடிவமைப்பு. கையெழுத்து வாங்கும் முன் மறதி பரிவோடு கேட்டார்: “நிச்சயமா வேணுமாம்மா? தொண்ணூறு நாள் இருக்கு. அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க.”

புகார் மாடிக்குப் போனது. மேனேஜர் கீழே வந்தார். வந்து ஒரு வருஷமே ஆன பெண்மணி. சத்தம் போடாமல் கோபப்படத் தெரிந்தவர்.

“இன்னொரு தடவை ஒரு விருந்தினர்கிட்ட துணியைப் பத்தி அபிப்பிராயம் சொன்னீங்கன்னா, உங்களைக் கார் நிறுத்துற இடத்துக்கு மாத்திடுவேன். அங்க காரும் வெயிலும்தான். அபிப்பிராயம் சொல்ல ஒண்ணும் கிடையாது.”

“கார் கலர்ல பார்த்தீங்கன்னா மேடம், இப்பல்லாம்…”

“போதும்.”

வெயிலைக்கூட மறதி தாங்கியிருப்பார். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் யாரும் எதையும் விட்டுப் போவதில்லை. வந்த எல்லோரும் வந்ததை எடுத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அப்படியொரு வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டார். முகத்தையும் கூடுமானவரை மூடியே வைத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு பெண் டிசைனர் வந்தார். தலைமேல் ஏற்றிய கறுப்புக் கண்ணாடி, கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. உலகத்துக்கெல்லாம் வண்ணம் உடுத்திவிடுகிறவர்கள் தமக்கு மட்டும் ஏன் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள் என்பது பற்றி மறதியிடம் ஒரு கோட்பாடு இருந்தது, அதை விழுங்கினார். டிசைனரின் புதிய ரிசார்ட் கலெக்ஷன் நீச்சல் குளத்தருகே மாலை ஆறு மணிக்கு அரங்கேறுவதாக ஏற்பாடு. விருந்தினர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த கையடக்கப் புத்தகம் ஒன்று வழக்கம்போல மறதி அறைக்கு வந்துசேர்ந்தது.

‘கடலோரப் பாலைவனங்களில் ஒட்டகங்களோடு அலைந்த, வரலாறு மறந்த நாடோடிகளின் ஆன்மாவிலிருந்து பிறக்கிறது இத்தொகுப்பு’ என்று முதல் பக்கம் சொன்னது. அடுத்த பக்கத்தில் படம்: அகலக் கோடு போட்ட தொளதொளச் சட்டை, இடுப்பில் முறுக்குக் கயிறு, பெரிய இலைகள் அச்சிட்ட சுற்றுப் பாவாடை. மறதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு புத்தகத்தோடு சலவைக்கூடத்துக்கு நடந்தார்.

“இது நான்” என்றார் மனைவியிடம்.

மனைவி எட்டிப் பார்த்தார். “எது? ஒட்டகமா?”

ஆறு வருஷத்துக்கு முன் நடந்தது அது. இருநூற்றுப் பதினான்காம் அறைக்கு ஒரு பெண் வந்தார். அவருடைய பெட்டி வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. அன்று கடைகள் அடைப்பு. இந்த டிசைனர்தான்; அப்போது அவர் வேறொரு டிசைனரிடம் பொத்தான் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. மறதி, தொண்ணூறு நாள் தாண்டிய அலமாரியைத் திறந்தார். யாரோ ஒருவரின் இரவுச் சட்டை. குளியல் அங்கி ஒன்றின் கயிறு. கீழே உடுத்த ஒன்றும் அகப்படவில்லை. பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய திரைச்சீலை ஒன்றை எடுத்து உதறினார்.

“இது பதினோரு வருஷம் கடல் பார்த்த ஜன்னல்ல தொங்கினது. காத்துக்குப் பழகின துணிம்மா” என்றார்.

திரைச்சீலை பறக்காமல் இருக்க அடி ஓரத்தில் ஆறு ஈய வில்லைகள் வைத்துத் தைத்திருந்தது. அவை கணுக்காலில் இடிக்கின்றன, எடுத்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டார். இவர் வேண்டாம் என்றார். இரண்டு நாளில் பெட்டி வந்தது. கடன் வாங்கிய உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். அறையில் ஒரு கைக்குட்டைகூட விட்டுப் போகவில்லை. அப்படியும் ஒரு விருந்தினரா என்று மறதி வியந்திருந்தார். எடுத்துப் போனது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

“போய்ச் சொல்லித் தொலைக்காதீங்க” என்றார் மனைவி. “ரெண்டே வார்த்தை ஞாபகம் வெச்சுக்குங்க. கார், வெயில்.”

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒத்திகை. மாடல்கள் ஏழு படி இறங்கி நீச்சல் குளத்தைச் சுற்றி வர வேண்டும். துண்டுகளை அடுக்க மனைவி அங்கே போயிருந்தார். மறதிக்கு அங்கே வேலை இல்லை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை இருப்பவர்போல நின்றார்.

முதல் பெண் படி இறங்கினார். கடலிலிருந்து காற்று ஏறியது. பாவாடை இடுப்புக்கு வந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாடோடி என்பதைவிட மழையில் மாட்டியவர்போல நடந்தார். இரண்டாமவரின் பாவாடை முகத்தை மூடியது. மூன்றாமவர் படி என்று நினைத்து நீச்சல் குளத்தில் கால் வைத்தார்.

“ரொம்ப இயல்பா இருக்கு மேடம்” என்றார் மேனேஜர்.

“ஒரு துடிப்பு இருக்கு” என்றார் டிசைனரின் உதவியாளர், நனைந்த பெண்ணைத் தூக்கிவிட்டபடி.

“துடிப்பா? இன்னும் நாலு மணி நேரத்துல முந்நூறு பேர் முன்னாடி என் மானம் பறக்கப்போகுது! மொத்தத் தொகுப்புக்கும் இன்னிக்குத்தான் ஆர்டர். உண்மையைச் சொல்ற ஆள் ஒருத்தர்கூட இங்க இல்லையா?” என்று டிசைனர் சுற்றிப் பார்த்தார்.

மறதி கக்கத்திலிருந்த பதிவேட்டைக் கைக்கு மாற்றினார். துண்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் மெல்லக் கேட்டது: “வெயில்.”

டிசைனரின் கண் பழுப்புச் சீருடையில் வந்து நின்றது. “நீங்க யாரு? அது என்ன புத்தகம்?”

“விட்டுப்போன பொருள்கள் பதிவேடுங்க. எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. உரியவங்க கேட்டா, உள்ளதை உள்ளபடி படிச்சுக் காட்டலாம். கையேடு, பக்கம் நாற்பத்தொண்ணு.” கடைசி வாக்கியம் மேனேஜருக்கு.

“நான் எதையும் விட்டுப் போகலையே.”

“கேட்டாத்தாங்க படிக்க முடியும்.”

டிசைனர் பதிவேட்டை விரலால் காட்டினார். “சரி. கேக்கிறேன். படிங்க.”

மறதி பக்கத்தைத் தேடவில்லை. அது ஏற்கெனவே விரலிடுக்கில் இருந்தது.

“அறை இருநூற்றுப் பதினான்கு. பெட்டி தவறிய விருந்தினருக்கு இரவலாகத் தந்தது. ஆண்கள் இரவுச் சட்டை, அகலக் கோடு, ஒன்று. அங்கிக் கயிறு, ஒன்று. திரைச்சீலை, இலை போட்டது, ஒன்று. அடியில் ஈய வில்லை ஆறு. குறிப்பு: வில்லையை எடுக்க விருந்தினர் விரும்பினார், வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கடற்காற்றில் உடுத்தினார். பறக்கவில்லை.”

டிசைனர் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்தார். “நீங்களா!” என்றவர், அடுத்த நொடி பதிவேட்டைப் பிடுங்கிப் பக்கம் புரட்டத் தொடங்கினார். மறதி இதை எதிர்பார்க்கவில்லை.

“கவுன், பவளப்பாறை அச்சு, அறை முந்நூற்றைந்து. இந்த ரகத்தில் ஒன்பதாவது. பாக்கெட் இல்லை. சாவியும் கூடவே வந்தது” என்று டிசைனர் உரக்கப் படித்தார். “இது என்னோட போன தொகுப்பு! ஒன்பதா?”

“போன வாரம் ஒண்ணு வந்தது. பத்து.”

மேனேஜர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக் குறிப்புப் பத்தி முழுவதும், சிறிய அழகான எழுத்தில், அபிப்பிராயம். “ஹோட்டல் பதிவேட்டுலயா?” என்றார் மெதுவாக. அந்த மெதுவில் காரும் வெயிலும் இருந்தன.

டிசைனர் அதைக் கவனிக்கவில்லை. “அந்த வில்லை எங்க கிடைக்கும்?”

“பழைய திரைச்சீலை பன்னிரண்டு மடிச்சு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் கேட்கலை.”

உடைமைகளுக்கு எண் துணி தைத்துத் தைத்து மறதியின் கை ஊசிக்குப் பழகியிருந்தது. மனைவி துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு வந்து, ஊசி ஊசியாக நூல் கோத்து வைத்தார். நாலாவது பாவாடையில்தான் வாயைத் திறந்தார்: “கார் நிறுத்துற இடத்துல ஒரு குடையாவது குடுப்பாங்களான்னு கேளுங்க.”

ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் படி இறங்கினார்கள். காற்று வந்தது, பாவாடைகள் யோசித்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தன. கைதட்டல் ஓயவில்லை. பாவாடை ஓரத்தில் கனமாக ஏதோ இருக்கிறதே என்று ஒரு நிருபர் கேட்டபோது, அந்த நாடோடிகள் ஓரத்தில் கூழாங்கல் கட்டுவது வழக்கம் என்று டிசைனர் சற்றும் தயங்காமல் சொன்னார். அடுத்த ஆண்டு அவருடைய தொகுப்பில் எல்லா உடைக்கும் பாக்கெட் இருந்தது. மலையேறிகளின் தாக்கமாம்.

மேனேஜர் அரங்கேற்றம் நடந்த அன்று மாலையே மாற்றல் உத்தரவை எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலை துப்புரவுக்காரர் அதை மறதி அறைக்குக் கொண்டுவந்தார். நீச்சல் குளத்தருகே மூன்றாவது நாற்காலியில் கிடந்ததாம். மேனேஜர் மறந்து வைத்தாரா, வைத்து மறந்தாரா என்பது பற்றி மறதி எதுவும் எழுதவில்லை. ‘கடிதம், ஒன்று, மடித்தது. உரியவர்: மேனேஜர்’ என்று மட்டும் பதிந்து, எண்ணிட்டு, அலமாரியில் வைத்தார். குறிப்புப் பத்தியை வாழ்க்கையில் முதல் முறையாகக் காலியாக விட்டார்.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். “புதுசா எதாவது வந்திருக்கா?”

“கேட்டாப் படிச்சுக் காட்டுறேன் மேடம்.”

மேனேஜரின் கண் அலமாரிப் பக்கம் போனது. “நான் ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். தொண்ணூற்றோராம் நாள் மறதி கடிதத்தைத் தக்கபடி தீர்த்துவைத்தார்.

அந்த ஆண்டின் பணி மதிப்பீட்டில் அவர் பெயருக்கு நேரே ‘கையேட்டின்படி நடந்துகொண்டார்’ என்று இருக்கிறது. அரங்கேற்றத்தன்று பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து ஐந்தே முக்கால்வரை அவர் பன்னிரண்டு திரைச்சீலைகளின் ஓரத்தைப் பிரித்து, எழுபத்திரண்டு ஈய வில்லைகளை எடுத்து, பாவாடைக்கு ஆறு வீதம் பன்னிரண்டு பாவாடைகளில் வைத்துத் தைத்தார்.