மேசையில் ஒரு நாவல்பழம்

ஆக்லாந்தில் பென்ரோஸ் பக்கம் ஒரு ஒயின் கிடங்கு. மேசைமேல் ஆறு ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்கள், சுற்றி நான்கு வெள்ளைக்கார நிபுணர்கள், ஓரத்தில் நான். பர்மிட் இல்லாமல் பீர்கூடக் கிடைக்காத ஊரில் வளர்ந்தவன். என் ஒயின் அனுபவம் முழுக்கப் புத்தகத்தில்தான்.

என்னைத் துணைக்கு அழைத்துவந்த அம்புரோஸ் மன்னார்க்காரர். மூன்று வருஷமாக இங்கே பெட்டி தூக்குகிறார். ருசி பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருப்பதால் இன்று முதலாளி அவரையும் சோதிக்கப்போகிறார்.

நிபுணர்கள் உறிஞ்சுகிறார்கள், கொப்பளிக்கிறார்கள், வாளியில் துப்புகிறார்கள். நம் வீட்டில் இதற்குப் பல் தேய்ப்பது என்று பெயர். துப்பிய ஒவ்வொருவரும் "பிளாக்பெர்ரி" என்கிறார்கள்.

"அண்ணை, பிளாக்பெர்ரி எப்பிடி இருக்கும்?" என்று அம்புரோஸ் என் காதைக் கடிக்கிறார்.

"படிச்சிருக்கேன், சாப்பிட்டதில்லை. உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கெண்டா நாவல்பழம் மாதிரிக் கிடக்கு. சொன்னா சிரிப்பினமோ?"

"அவங்க சொன்னதுக்கு நாம சிரிச்சோமா? சொல்லுங்க."

முதலாளி கேட்கிறார். அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டு, "நாவல்பழம்" என்கிறார், சுத்தத் தமிழில்.

மூத்த நிபுணர் இன்னொரு வாய் எடுத்துக் கொப்பளிக்கிறார். இந்த முறை துப்பவில்லை, விழுங்குகிறார். "அதேதான், சந்தேகமே இல்லை!" மற்ற மூவரும் தலையாட்டி எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்கிறார்.

அம்புரோஸுக்கு நாற்காலி வருகிறது. எனக்கு அடுத்த கிளாஸ் வருகிறது. இதற்கு இலந்தைப்பழம் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.